பிரிட்டோ மிதிக்கிறான்

டவேராவுக்கு அடியில் சாக்கு விரித்து
மல்லாக்கப் படுத்திருக்கிறேன்.
சாக்கையும் மீறிக் குத்துகிறது அவனியாபுரத்துச் சரளை.
மூக்குக்கு ஒரு சாண் மேலே ஸ்லேவ் சிலிண்டர்,
ராத்திரி டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு
நானே புது ரப்பர் போட்டது.
அதன் நிப்பிளில் மீன்தொட்டி ட்யூப்,
ட்யூபின் மறுமுனை
கால்வாசி ஆயில் ஊற்றிய தண்ணீர் பாட்டிலில்.
எல்லாம் தயார்,
மிதிக்க ஒரு கால்தான் இல்லை.

மெக்கானிக் ஒச்சப்பனுக்கு உசிலம்பட்டியில் காதுகுத்து,
மொய் எழுதாமல் வரமாட்டார்.
மகள் டைப்பிங் பரீட்சைக்குப் போயிருக்கிறாள்.
நாளை விடிகாலை நாலு மணிக்கு
வில்லாபுரத்தில் ஏறி ராமேஸ்வரம் போக
ஏழு பேர் அட்வான்ஸ் கொடுத்திருக்கிறார்கள்.

அப்போதுதான் கேட் ஓரமாய் வந்து நின்றது
ஒரு ஜோடி கறுப்பு ஷூ.
தெரிந்த ஷூதான்.
மூணு மாசமாய் ஏழாம் தேதி வந்து
வெறுங்கையோடு திரும்புகிற ஷூ.
"அக்கா, ட்யூ" என்றது.

"பிரிட்டோ, ஏறி உக்காரு."
"எங்கக்கா?"
"டிரைவர் சீட்ல. பெடல் தரையோட கெடக்கும்,
கால்நுனியால தூக்கிவிட்டு மிதி.
வண்டி ஓடுனாத்தான் ட்யூ.
தூக்கிட்டுப் போறதுன்னாலும்
கிளட்ச் இல்லாம எப்படி ஓட்டிட்டுப் போவ?"

ஷூ கொஞ்சம் யோசித்தது.
பிறகு கதவு திறந்தது.
வண்டி ஒரு விரற்கடை என் பக்கம் தாழ்ந்தது.

மூணு தரம் மெதுவா மிதி.
பிடி.
நிப்பிளைக் கால் சுற்றுத் திறக்கிறேன்,
புஸ்ஸென்று
காற்றும் கறுத்த ஆயிலும் மறுபடி காற்றும்
ட்யூபில் வரிசை கட்டி ஓடுகின்றன.
மூடுகிறேன்.
விடு.

காற்று பொல்லாதது.
அழுத்தினால் அழுங்கிக்கொள்ளும்,
எல்லாவற்றுக்கும் ஆமாம் சாமி போடும்,
சொன்ன சேதி மட்டும் போய்ச் சேராது.
ஆயிலுக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது.
இந்த முனையில் வாங்கியதை
அந்த முனையில் அப்படியே ஒப்படைத்துவிடும்.
பிரிட்டோவிடம் இதைச் சொல்லவில்லை.
நான் இதுவரை கொடுத்த தேதிகளெல்லாம்
அவனுக்கு ஞாபகம் வந்துவிடும்.

ஒரு மணிக்கு மேல் இருக்கும்,
ஓட்டுக்கூரை அதிர ஒரு விமானம் இறங்கியது.
"பிடி" என்றேன்.
அவன் காதில் "விடு" என்று விழுந்தது.
நிப்பிள் திறந்தபடி இருக்க
பாட்டில் சாய்ந்து, ட்யூப் எகிறி வெளியே வந்து
வாய் நிறையக் காற்றைக் குடித்தது.
முக்கால் மணி நேர வேலை.
நான் சொன்ன வார்த்தையை எழுத முடியாது.
"அக்கா, நான் வேதக்காரன்கா" என்றான் பாவம்.

அதற்கப்புறம் பேச்சில்லை.
சேஸியில் ஸ்பேனரால்
ஒரு தட்டு தட்டினால் மிதி,
இரண்டு தட்டினால் விடு.
டங். டங் டங். டங்.
நடுவில் அவனாகவே இறங்கி, பானெட்டைத் தூக்கி,
"இதுல ஆயில் அடிக்குப் போயிருச்சுக்கா" என்று ஊற்றினான்.
பானெட் ஓரத்தில் நாலு சொட்டு சிந்தியது.
"பெயின்ட தின்னுரும்டா!" என்று கத்த,
குடிக்க வைத்திருந்த தண்ணீரை எடுத்துக் கழுவினான்.
கம்பெனிக்கு அடமானமான பெயின்ட் அல்லவா.

பதினேழாவது தடவையோ என்னவோ,
ட்யூபில் குமிழ் வரவில்லை.
இன்னொரு தடவை. வரவில்லை.
தேன்நிறத்தில் ஒரே இழை.
"அக்கா," என்றான் மேலிருந்து, குரல் மாறி,
"மிதி எதுத்து நிக்குதுக்கா."

அவன் போன் அடித்தது.
"அவனியாபுரம்தான் சார்.
வீட்டுக்குள்ள பாத்துட்டேன் சார்.
ஆள் கண்ணுல படல."

பொய்யில்லை.
முன்சக்கரத்துக்குப் பக்கத்தில்
என் வலது கை மட்டும் வெளியே கிடந்தது,
கிரீஸும் ஸ்பேனருமாய்.

"பதினஞ்சாந்தேதி வருவேன்" என்று
சக்கரத்திடம் சொல்லிவிட்டு நடந்தது ஷூ,
இடது மட்டும் கொஞ்சம் நொண்டியபடி.

சேஸியில்
இரண்டு தட்டு தட்டினேன்.